என்ஜினை அணைத்துக் காட்டினால் போதுமா? விமானப் பயிற்சியில் சூழல்வழிப் பாடம்

வலது இருக்கை:

பதினோரு வருடமாகச் சின்ன விமானங்களில் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. இங்கே சொல்லிவிட்டு, அனுபவம் உள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

மாணவர் 45 மணி நேரம் பறந்தவர். கை சுத்தம். 45 டிகிரி சாய்த்து வட்டமடிக்கச் சொன்னால் உயரம் ஐம்பது அடிகூடப் பிசகாது. என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்து "என்ஜின் போச்சு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கிளைடு வேகத்துக்கு (என்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம்) வந்து, இறங்குவதற்கு வயலையும் தேர்ந்தெடுத்து, செக்லிஸ்டைத் தொட்டிருப்பார்.

அன்று ஒரு கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் போகும் பயணம். முன்னால் மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. 2,500 அடியில் இருந்தவர் 2,200க்கு வந்தார். அப்புறம் 1,900. பிடித்த திசை 2 டிகிரிகூட விலகவில்லை. இடப்பக்கத்துக் குன்றின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. 1,600 வந்ததும் கேட்டேன்.

"ஏன் இறங்கிக்கிட்டே இருக்கீங்க?"

"மேகம் இறங்குது சார்."

"திரும்பிடலாம்னு தோணலையா?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார்."

அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தப்பு அவருடையது இல்லை. 45 மணி நேரமும் எப்போது திரும்ப வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அவர் கையைப் பழக்கினேன். முடிவெடுக்கும் வேலையை நானே வைத்துக்கொண்டேன். லைசென்ஸ் வாங்கிய மறுநாள் வலது இருக்கையில் நான் இருக்க மாட்டேன்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, மேகத்துக்குள் மாட்டிக்கொண்டதுபோல் வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்க வைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடி. மேகத்துக்குள் போன பிறகு மீள்வது எப்படி என்று சொல்லித் தருகிறோம். போகலாமா வேண்டாமா என்று பத்து நிமிடம் முன்னால் எடுக்க வேண்டிய முடிவை எந்தப் பாடத்தில் சொல்லித் தருகிறோம்?

சூழல்வழிப் பயிற்சி என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான் என்று இப்போது உறைக்கிறது. தனித்தனி வித்தையாகக் கொடுக்காமல், ஒரு நிஜப் பயணத்தைக் கொடுத்து, அதற்குள் பிரச்சினை தானாக முளைக்கும்படி வைத்து, என்ன செய்வது என்பதை மாணவரிடமே விடுவது. நீங்கள் யாராவது இதை முறையாகச் செய்கிறீர்களா?


நாற்பது மணி:

சார், நான் மாணவன். எங்கள் பயிற்சிப் பள்ளியிலும் சூழல்வழிப் பயிற்சி என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம். மொத்தம் ஆறு சினாரியோ. ஆறும் சீனியர்கள் வாயிலாக எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். மூன்றாவது சினாரியோ என்றால் அணைக்கட்டு தாண்டியதும் ஆயில் பிரஷர் குறையும், வலப்பக்கம் பழைய ஓடுபாதை, அங்கே இறங்க வேண்டும். அணைக்கட்டு கண்ணில் பட்டதுமே என் கை செக்லிஸ்டுக்குப் போய்விட்டது. பிரஷர் முள் இறங்குகிறது என்று பயிற்றுநர் சொல்லும் முன்பே. "வெரி குட்" என்றார். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. இதில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று இன்றுவரை புரியவில்லை.


சிம் அறை:

தம்பி, நீங்கள் சொன்னது உங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை. பெரிய விமானங்களின் சிமுலேட்டரில் பல வருடமாகப் பயிற்சி தருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரும் விமானிக்கு, டேக்ஆஃபில் முடிவு வேகத்தைத் தொட்டதும் என்ஜின் அணையும் என்று தெரியும். கால் ரடரில் (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்புவது) தயாராக இருக்கும். அணையாவிட்டால்தான் ஆச்சரியப்படுவார்.

2013இல் ஸ்டீபன் கேஸ்னரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. விமான நிறுவனங்களின் விமானிகளை 747 சிமுலேட்டரில் உட்கார வைத்து, பழகிய அதே கோளாறுகளை ஒருமுறை பழகிய வடிவில் கொடுத்தார்கள். இன்னொருமுறை எதிர்பாராத இடத்தில் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபோது கையாண்டது ஒழுங்காக இருந்தது. எதிர்பாராதபோது தாமதமும் தடுமாற்றமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அவர்களுக்குத் தெரியாத வித்தை எதுவும் அதில் இல்லை. 'இது அதுதான்' என்று அடையாளம் காண்பதைத்தான் யாரும் பழக்கியிருக்கவில்லை.

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். 2009 பிப்ரவரி 12, பஃபலோ அருகே கோல்கன் 3407 என்ற பயணிகள் விமானம். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கை வந்து ஸ்டிக் அதிர்ந்ததும் கேப்டன் கண்ட்ரோலை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அவர் ஸ்டால் பயிற்சி எடுக்காதவர் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பயிற்சியில் 'இப்போது ஸ்டால் செய்யப் போகிறோம்' என்று அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். உயரம் இழக்காமல் மீள்வதுதான் மதிப்பெண்ணுக்கு உரியதாக இருந்தது.

சூழல்வழிப் பயிற்சியின் வேர் எங்கள் பக்கத்தில் 1970களில் இருக்கிறது. 1978 டிசம்பர் 28, போர்ட்லாண்டில் யுனைடெட் 173. லேண்டிங் கியரில், அதாவது இறங்கும் சக்கரங்களில், சந்தேகம். கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தபடி அதையே கவனித்தார். எரிபொருள் குறைகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்; காதில் விழும்படி, அழுத்திச் சொல்லவில்லை. நான்கு என்ஜினும் ஒவ்வொன்றாக அணைந்தன. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். கியர் கோளாறுக்கும் செக்லிஸ்ட் இருந்தது, எரிபொருள் முள்ளும் சரியாகவே காட்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்து நிர்வகிப்பதற்குத்தான் பயிற்சி இல்லை. அடுத்த வருடம் நாசா ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே குழுவாகச் செயல்படும் பயிற்சியைத் தொடங்கியது. கூடவே லாஃப்ட் என்று நாங்கள் சொல்லும் முறை வேரூன்றியது: புறப்படும் வாயில் முதல் சேரும் வாயில் வரை முழுப் பயணம், நிஜ நேரத்தில். சிமுலேட்டரை நடுவில் நிறுத்தக் கூடாது. பயிற்றுநர் ஏடிசியாகவும் (தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்பவர்கள்), கேபின் சிப்பந்தியாகவும், கம்பெனி அலுவலகமாகவும் பேசலாம். ஆசிரியராக மட்டும் பேசக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் எனக்கு இன்றும் கஷ்டம். தப்பு நடப்பதைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது லேசு இல்லை.


பழைய கை:

எல்லாம் நல்ல பேச்சு. ஆனால் ஒன்று கேட்கிறேன். கையே பழகாதவனுக்குச் சூழல் எதற்கு?

நேராகப் பறக்கவே மொத்த மூளையையும் செலவழிக்கிற மாணவனிடம் மேகம், எரிபொருள், பயணியின் அவசரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அவன் ஒன்றையும் கற்றுக்கொள்ள மாட்டான். பயந்துதான் போவான். பயந்த கை விறைத்துவிடும். இதை நூறு முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மணி நேர சினாரியோவில் எத்தனை லேண்டிங் கிடைக்கும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதே நேரத்தை சர்க்யூட்டில், அதாவது ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்குவதில், செலவழித்தால் பதினைந்து கிடைக்கும். பக்கக்காற்றில் சக்கரத்தை மையக்கோட்டில் வைப்பதை எந்த விவாதமும் கற்றுத் தராது. திரும்பத் திரும்ப மோதித்தான் வரும்.

2015 பிப்ரவரியில் டிரான்ஸ்ஏசியா 235. டேக்ஆஃப் ஆன சில நொடிகளில் ஒரு என்ஜின் தானாக ஃபெதர் ஆனது, அதாவது புரொப்பெல்லர் இலைகள் காற்றுக்கு இணையாகத் திரும்பி இழுவிசை நின்றது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற என்ஜினை அணைத்தார். 43 உயிர். விசாரணையில் அவருடைய பழைய பயிற்சிப் பதிவுகளைப் பார்த்தார்கள். டேக்ஆஃபில் என்ஜின் போகும் பாடத்திலேயே அவர் தடுமாறியது பதிவாகியிருந்தது. அடிப்படைப் பாடம் உறுதியாகாத இடத்தில் என்ன சினாரியோ கட்டினாலும் நிற்காது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.


வலது இருக்கை:

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். லேண்டிங்குக்குச் சர்க்யூட்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் 'முதலில் கை, பிறகு புத்தி' என்று வரிசைப்படுத்தும்போது அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. என் மாணவருக்கு 45 மணி நேரத்திலும் வரவில்லை. கை பழகும்போதே முடிவெடுக்கும் பழக்கத்தையும் சின்ன அளவில் கொடுக்கலாம் அல்லவா? முதல் சர்க்யூட்டிலேயே "இந்த அப்ரோச் பிடிக்கலன்னா நீங்களே இறங்காம மேலே ஏறி கோ அரவுண்ட் போகலாம், என்கிட்ட கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போதும். அதுவே ஒரு சூழல்தான். அதற்குப் பிறகு அவர் கோ அரவுண்ட் போனால், சரியோ தப்போ, முதல் கேள்வி "ஏன் போனீங்க?" என்று இருக்க வேண்டும். "அது தேவையே இல்லையே" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் நம் முகத்தைப் பார்ப்பார்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ, விமானத் துறையோடு சேர்ந்து ஃபிட்ஸ் என்ற திட்டம் கொண்டுவந்தது. முள் கருவிகள் போய்த் திரைகள் வந்த சின்ன விமானங்களில், தனியாகப் பறக்கும் விமானி தன் கையில் இருக்கும் எல்லா வளத்தையும் எப்படி நிர்வகிப்பது என்பதுதான் அதன் மையம். அதில் மதிப்பெண் போடும் முறை எனக்குப் பிடித்தது. மாணவர் தன்னைத் தானே முதலில் மதிப்பிட வேண்டும். பாடத்தை விவரிக்க மட்டும் தெரிகிறதா, ஏன் என்று விளக்கவும் தெரிகிறதா, உதவியோடு செய்கிறாரா, உதவியே இல்லாமல் செய்கிறாரா என்று நிலைகள். பயிற்றுநரும் தனியாக ஒன்று போடுவார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பேச்சு தொடங்கும். 2016இல் அவர்களுடைய தேர்வுத் தரமும் மாறியது. ஒவ்வொரு பயிற்சிக்கும் பக்கத்தில் அதன் ஆபத்துகளை எப்படி எடைபோடுகிறார் என்பதும் சேர்ந்துவிட்டது.


சிம் அறை:

பழைய கை ஐயா சொன்னதற்கு ஆதரவாக, ஆனால் வேறு பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சூழல்வழிப் பயிற்சியை ஆதரிக்கிறவன் என்பதாலேயே சொல்கிறேன். மோசமாகக் கட்டிய சினாரியோ, பயிற்சியே இல்லாததைவிட ஆபத்து.

2001 நவம்பர் 12, நியூயார்க்கில் அமெரிக்கன் 587. ஏ300 விமானம். முன்னால் போன 747 கிளப்பிய காற்றுச் சுழலில் லேசாக ஆடியது. பறந்துகொண்டிருந்த துணை விமானி ரடரை இப்படியும் அப்படியுமாக முழு வீச்சில் மிதித்தார். வால் செங்குத்துத் துடுப்பே பிய்ந்து விழுந்தது. விமானத்தில் 260 பேர், தரையில் 5 பேர்.

ஏன் அப்படி மிதித்தார்? விசாரணை அறிக்கை அந்த ரடர் அமைப்பின் தன்மையைச் சொன்னது. கூடவே நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் சுட்டியது. அந்தப் பயிற்சியில் ஒரு சினாரியோ: பெரிய விமானத்தின் காற்றுச் சுழலில் மாட்டுகிறீர்கள். சிமுலேட்டர் விமானத்தை 90 டிகிரிக்கும் மேல் புரட்டிப் போடும். புரளும் நேரத்தில் விமானி என்ன செய்தாலும் எடுபடாதபடி கண்ட்ரோலை மழுங்கடித்து வைத்திருந்தார்கள், நிலைமை கட்டாயம் மோசமாக வேண்டும் என்பதற்காக. பயிற்சி கொடுத்தவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அதில் உட்கார்ந்தவர் மனதில் என்ன பதியும்? காற்றுச் சுழல் என்றால் விமானம் கவிழும். லேசாகத் தொட்டால் வேலைக்கு ஆகாது, பலமாக மிதிக்க வேண்டும். இரண்டும் பொய். நிஜ விமானத்தில் அந்த ஆட்டம் தானாகவே அடங்கியிருக்கும்.

அதனால் என்னிடம் யார் சினாரியோ எழுதிக் கொண்டுவந்தாலும் மூன்றைக் கேட்பேன். இது நிஜத்தில் இப்படி நடக்குமா? சிமுலேட்டர் இதை உண்மையாகக் காட்டுமா? சரியான முடிவு எடுத்தால் விமானம் அதற்குச் சரியாகப் பதில் சொல்லுமா? மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோளாறுமேல் கோளாறாக அடுக்கி, எதைச் செய்தாலும் தோற்கும்படி வைத்துவிடுகிறார்கள். அதில் மாணவர் கற்பது ஒன்றே ஒன்று: நாம் என்ன செய்தாலும் பயனில்லை. விமானிக்கு அதைவிடக் கொடிய பாடம் கிடையாது.


பழைய கை:

587 பற்றி இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நன்றி. இதைப் படித்த பிறகு நான் ஒரே வயலுக்கு மேலே ஒரே உயரத்தில் த்ராட்டிலை இழுப்பதையும் நினைத்துப் பார்த்தேன். என் மாணவர்கள் அந்த வயலில் இறங்கக் கற்றிருக்கிறார்கள். என்ஜின் போனால் வயல் தேடக் கற்றிருக்கிறார்களா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.


நாற்பது மணி:

சிமுலேட்டர் இல்லாத பள்ளியில் இதெல்லாம் முடியுமா? சின்ன விமானத்தில் ஒரு நல்ல சினாரியோ எப்படி இருக்கும் என்று யாராவது ஒன்றை முழுதாகச் சொல்ல முடியுமா?


வலது இருக்கை:

சொல்கிறேன். போன வருடம் ஒருவரிடம் கொடுத்தது, தற்செயலாக நன்றாக அமைந்தது. அப்போது அதை முறையாகச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது.

செஸ்னா 172. மாலைப் புறப்பாடு. நான் பயிற்றுநர் இல்லை, பயணி. காலையில் எனக்கு ஒரு தேர்வு, இரவே போய்ச் சேர வேண்டும். வழக்கமாகப் போகும் ஊருக்கு 50 நிமிடம். பாதி தூரத்தில், சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்தில், "குறைந்த மின்னழுத்த விளக்கு எரியுது, ஆம்மீட்டர் டிஸ்சார்ஜ் காட்டுது" என்றேன். அவ்வளவுதான். நிஜத்தில் எதையும் அணைக்கவில்லை.

மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் போனாலும் என்ஜின் ஓடும்; தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். அதனால் முதல் ஐந்து நிமிடம் அவர் நிம்மதியாக இருந்தார். சர்க்யூட் பிரேக்கரைப் பார்த்தார், ஆல்டர்னேட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார், "விளக்கு இன்னும் எரியுது" என்றேன். "என்ஜின் நல்லா ஓடுது, போயிடலாம்" என்றார். நான் பயணியாக, "ஆமா, எனக்கு எக்ஸாம் இருக்கு" என்று தூண்டிவிட்டேன்.

பிறகுதான் அவருக்கு ஒவ்வொன்றாக உறைக்கத் தொடங்கியது. பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. போய்ச் சேரும்போது இருட்டு. லேண்டிங் லைட் இருக்காது. ரேடியோ இருக்காது. ஒரு ரேடியோவை அணைத்தார், வேகமானிக் குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட்டை அணைத்தார், தேவையில்லாத விளக்குகளை அணைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட 12 நிமிட தூரத்தில் ஒரு ஓடுபாதை இருக்கிறது என்று மேப்பில் கண்டுபிடித்தார். திரும்பினார். எனக்குச் சந்தோஷம். ஆனால் அது குட்டை ஓடுபாதை.

அங்கே சர்க்யூட்டில் நுழையும்போது கையை ஃப்ளாப் (மெதுவான வேகத்தில் இறங்க உதவும் இறக்கை மடல்) லீவரில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்து வினாடி இருக்கும். "சார்... இதுல ஃப்ளாப் எலெக்ட்ரிக்."

நான் பதில் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தால் ஃப்ளாப் இறங்காது. இறங்கும் வேகம் கூடும், ஓடுபாதை நீளம் போதாமல் போகலாம். அந்த விமானத்தில் அவர் 30 மணி நேரம் பறந்திருக்கிறார். ஃப்ளாப் மோட்டாரில் ஓடுகிறது என்று தேர்விலும் எழுதியிருக்கிறார். ஓடுபாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த அறிவு வந்து உதவவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் அதை மறக்க மாட்டார். மின்சாரம் இருக்கும்போதே ஃப்ளாப்பை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் இறங்கிய பிறகு அவரே சொன்னார்.

தம்பி, இதற்கு சிமுலேட்டர் வேண்டாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியும் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: உங்களுக்கு என்ன வரப் போகிறது என்று வேறொருவர் முடிவு செய்ய வேண்டும். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அவருக்கு விமானம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்துச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒன்றை அவர் விருப்பப்பட்ட நேரத்தில் படிக்கச் சொல்லுங்கள். சில நாள் எதையுமே படிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த நாட்களும் முக்கியம்.


சிம் அறை:

அருமையான சினாரியோ. எது எனக்குப் பிடித்தது என்றால், ஒரே ஒரு கோளாறுதான், அதுவும் சின்னது. மற்ற எல்லாம் அதிலிருந்து தானாகக் கிளைத்தது. 2018இல் அன்னேமரி லாண்ட்மன் குழு சிமுலேட்டரில் காட்டியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: எப்போது வரும், எந்த வடிவில் வரும் என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பழகியவர்கள், பிறகு புதிதாக வந்த ஒன்றை நன்றாகக் கையாண்டார்கள்.

ஒரு வேண்டுகோள். இறங்கிய பிறகு பேசும் நேரத்தைக் குறைக்காதீர்கள். விமானத்தில் ஒரு மணி நேரம் என்றால், கீழே வந்து அதில் பாதியாவது பேசுங்கள். முதல் பத்து நிமிடம் பயிற்றுநர் வாயே திறக்கக் கூடாது. "நீ என்ன பார்த்தாய், அப்போது என்ன நினைத்தாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீளும், நீளட்டும்.


நாற்பது மணி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இந்த இழையை என் பயிற்றுநர் மேடத்திடம் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். படித்துவிட்டு, "ஆறு சினாரியோவையும் மறந்துடு" என்றார்.

இன்று வழக்கமான பயிற்சி என்று சொல்லித்தான் கிளம்பினோம். இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சாதாரணமாக, "எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றார். நிஜமாகவா பயிற்சியா என்று ஒரு நொடி தெரியவில்லை. "பயிற்சிதான், ஆனா இனிமே நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த ஓடுபாதைக்குத் திருப்பினேன். வேகமாக இறங்கினேன். பாதி வழியில், அங்கே ஆம்புலன்ஸ் வருமா என்றே தெரியாது என்று தோன்றியது. எட்டு நிமிடம் தள்ளிப் பெரிய விமான நிலையம் இருந்தது. மறுபடி திருப்பினேன். ஏடிசியைக் கூப்பிடவே இல்லை. இறங்கி ஓடுபாதையைவிட்டு வெளியே வந்த பிறகுதான், நெருக்கடி என்று சொல்லியிருந்தால் வழிவிட்டு, மருத்துவரையும் தயாராக வைத்திருப்பார்கள் என்று நினைவு வந்தது. காற்றும் பின்பக்கம் இருந்தது, அதையும் பார்க்கவில்லை.

கீழே வந்து முக்கால் மணி நேரம் பேசினோம். பெரும்பாலும் நான்தான் பேசினேன்.


வலது இருக்கை:

ஏடிசி விஷயம், அவர் சொன்னாரா, நீங்களே கண்டுபிடித்தீர்களா?


நாற்பது மணி:

நானேதான் சார். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மறுபடி போகிறோம். என்ன வரப்போகிறது என்று கேட்கவில்லை.